நீங்க இருக்கீங்களா?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் பங்கு மண்டபத்தில் இளையோருக்காக ஒரு திரைப்படம் காட்டினோம். 'கணம்' என்பது அதன் பெயர். ஸ்ரீ கார்த்திக் இயக்கி 2022 செப்டம்பரில் வெளிவந்த படம். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த நண்பர்கள் மூவர், ஒரு விஞ்ஞானியின் இயந்திரத்தில் ஏறி 1998-ஆம் ஆண்டுக்குப் போகிறார்கள். அங்கே அரைக்கால் சட்டையோடு சுற்றித் திரியும் தங்கள் சிறுவயதையே நேருக்கு நேர் சந்திக்கிறார்கள். சரியாகப் படிக்காமல் விட்ட ஒருவர், தன் சின்ன வயதை எப்படியாவது படிக்க வைத்துவிடத் துடிக்கிறார். அந்தச் சிறுவனோ, இந்த மாமா யார், எதற்கு நம் உயிரை வாங்குகிறார் என்று பார்க்கிறான். மண்டபமே சிரித்தது. சர்வானந்த் நடித்த ஆதிக்கு மட்டும் வேறு ஏக்கம். சிறுவயதிலேயே இழந்த தாயை இன்னொரு முறை பார்க்க வேண்டும், முடிந்தால் காப்பாற்ற வேண்டும். அந்தத் தாயாக அமலா வரும் இடங்களில் எங்கள் பின்வரிசைத் தாய்மார்கள் முந்தானையைத் தேடினார்கள்.

படம் முடிந்ததும் தேநீரும் சுண்டலும் கொடுத்தோம். கையோடு ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் கொடுத்தோம். "ஐம்பது வயதில் இருக்கும் உன்னை நீ இன்று சந்தித்தால் என்ன கேட்பாய்? ஒரே ஒரு கேள்வி. பெயர் எழுத வேண்டாம்" என்றோம்.

வந்த கேள்விகளை மேடையில் நின்று வாசித்தோம். "தலையில முடி இருக்கா?" என்பது நான்கு சீட்டுகளில் இருந்தது. "தி. நகர்ல சொந்த வீடு வாங்கிட்டோமா, இல்ல இன்னும் வாடகைதானா?" என்று ஒன்று. "கல்யாணம் லவ்வா, அரேஞ்சுடா? அம்மா ஒத்துக்கிட்டாங்களா?" என்று இன்னொன்று. "ஃபாதர் இன்னும் அதே ஜோக்கைத்தான் சொல்றாரா?" என்று ஒரு சீட்டு. அதற்குத்தான் பெரிய கைத்தட்டல்.

அந்தக் கைத்தட்டல் எங்களுக்குப் புதிதல்ல. குருமடத்தில் படித்த காலத்தில் எங்களுக்கு வயதான அருட்தந்தை ஒருவர் இருந்தார். ஒரே நகைச்சுவையை ஆண்டுக்கு மூன்று முறை சொல்வார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுவார். நாங்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்தோம். இன்று திருப்பலி தொடங்கும் நேரத்தில் கண்ணாடியைக் காணோம் என்று நாங்கள் தேடும்போது, பீடச் சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் நெற்றியைப் பார்க்கிறார்கள். எங்கள் முதிய வயதை நாங்கள் அன்றே சந்தித்துவிட்டோம், அடையாளம் தெரியாமல் போயிற்று!

அன்பார்ந்த நேயர்களே, சீட்டுகளுக்கு வருவோம். நான்காக மடித்த ஒரு சீட்டில் மூன்றே சொற்களாகக்கூட இல்லை, இரண்டுதான் இருந்தன: "நீங்க இருக்கீங்களா?"

அதையும் நாங்கள் சிரித்துக்கொண்டே வாசித்தோம். கூட்டமும் சிரித்தது. அடுத்த சீட்டுக்குப் போய்விட்டோம். இரவு பங்கு இல்லத்தில் அறைக்கு வந்து படுத்த பிறகுதான் அந்தச் சொற்கள் திரும்பி வந்தன. முடி இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்று கேட்ட பிள்ளைகள் எல்லாம் ஐம்பது வயதில் தாங்கள் இருப்போம் என்று நம்பிக் கேட்டவர்கள். இந்தப் பிள்ளைக்கு அந்த நம்பிக்கையே இல்லை. வரப்போகும் தன்னை மரியாதையாக 'நீங்க' என்று அழைத்து, அந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறது. இறையியலில் பட்டம் வாங்கிய எங்கள் காதில் அது மண்டபத்தில் விழவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியது எங்கள் பக்கம்தான்.

அடுத்த ஞாயிறு எல்லாத் திருப்பலிகளிலும் அறிவித்தோம். "அந்தக் கேள்வியை எழுதிய பிள்ளைக்கு நாங்கள் பதில் சொல்லத் தவறிவிட்டோம். பங்கு இல்லத்தின் கதவு எந்த நேரமும் திறந்திருக்கும்." இரண்டு நாள் யாரும் வரவில்லை. புதன்கிழமை இரவு, மாதா நவநாள் முடிந்து எல்லாரும் போன பிறகு, ஓர் இளைஞன் வந்து நின்றான். அவனுடைய அனுமதியோடு இவ்வளவு மட்டும் சொல்கிறோம். நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் மதிப்பெண் குறைந்திருந்தது. பயிற்சிக்காக அப்பா கடன் வாங்கியிருந்தார். "பத்து வருஷம் கழிச்சு எப்படி இருப்பேன்னு நினைச்சுப் பார்த்தா, அந்தப் பக்கம் இருட்டா இருக்கு ஃபாதர். யாருமே நிக்கல" என்றான்.

நேயர்களே, திருத்தூதர் பேதுருவும் தன் முதிய வயதைச் சந்தித்தவர்தான். யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். திபேரியாக் கடற்கரை. விடியற்காலை. கரியடுப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது. சில நாள்களுக்கு முன் இன்னொரு கரியடுப்பின் அருகே குளிர்காய்ந்தபடி, அவரை எனக்குத் தெரியாது என்று மூன்று முறை சொன்னவர் பேதுரு. மூன்று தாளிலும் தோல்வி. இப்போது ஆண்டவர் அவரைத் தனியே அழைத்து, என்னை அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். நம்மூர் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், இதுதான் துணைத் தேர்வு! நம் அரசு நடத்தும் துணைத் தேர்வில் தோற்ற பாடத்தை மட்டும் சில வாரங்களிலேயே திரும்ப எழுதி, ஓர் ஆண்டை இழக்காமல் மேலே படிக்கலாம் அல்லவா? பேதுருவும் தோற்ற அதே பாடத்தைத்தான் திரும்ப எழுதினார். கேள்வித்தாளைத் தந்தவர் அவரால் காயப்பட்டவரே.

அதன் பிறகு ஆண்டவர் ஒரு காட்சியைக் காட்டுகிறார். இளமையில் நீயே உடுத்திக்கொண்டு விரும்பிய இடத்துக்குப் போனாய், முதுமையிலோ நீ கையை நீட்டுவாய், வேறொருவர் உன்னைக் கட்டி உனக்கு விருப்பமில்லாத இடத்துக்குக் கூட்டிப்போவார் என்னும் கருத்தில் பேசுகிறார். பேதுருவின் சாவைப் பற்றிய பேச்சு அது என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். கேட்க இனிமையானது அல்ல. ஆனால் அதற்குள் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மறுதலித்து அழுதவரிடம், நீ முதியவனாவாய் என்கிறார் ஆண்டவர். அந்த இரவோடு உன் கதை முடியவில்லை, அந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார், அவர் நீதான், கடைசிவரை என்னை விடாதவர் என்கிறார்.

பேதுரு என்ன செய்தார் தெரியுமா? இவ்வளவையும் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் மற்றொரு சீடர் வருகிறார். ஆண்டவரே, இவனுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார்! நம் வீடுகளில் நடப்பது அப்படியே இருக்கிறது. "எதிர் வீட்டுப் பையனுக்கு எத்தனை மார்க்? உன் சித்தப்பா மகளுக்கு எந்தக் காலேஜ்ல கிடைச்சது?" ஆண்டவர் சொன்ன பதிலின் சாரம், அது உனக்கு எதற்கு, நீ என் பின்னால் வா என்பதுதான். பெற்றோரே, தேர்வு முடிவு வரும் நாளில் இந்தப் பதிலைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

2024-இல் கனடாவைச் சேர்ந்த மேகன் பார்க் என்னும் பெண் இயக்குநர் இதே கருவில் ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார். 18 வயதுப் பெண் ஒருத்தி தன் 39 வயதைச் சந்திக்கிறாள். மூத்தவள் ஓர் இளைஞனின் பெயரைச் சொல்லி, அவனோடு பழகாதே என்கிறாள். ஏன் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அவன் நல்லவன், ஆனால் சீக்கிரம் இறந்துவிடுவான். அந்த வலி உனக்கு வேண்டாம் என்பதே மூத்தவளின் எண்ணம். இளையவளோ, இழப்பேன் என்று தெரிந்தும் அன்பு செய்வேன் என்கிறாள். புத்தி சொல்ல வந்தவள் பாடம் கற்றுக்கொண்டு போகிறாள்.

பெரியவர்களாகிய நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் அறிவுரையில் அனுபவம் எவ்வளவு, பயம் எவ்வளவு? நாம் பட்ட வலி அவர்களுக்கு வரக்கூடாது என்று எல்லாக் கதவையும் சாத்துகிறோம். கடைசியில் அவர்களுக்குத் தெரிவது சாத்திய கதவுகள் மட்டும்தான். ஆண்டவர் பேதுருவிடம் சிலுவையை மறைக்கவில்லை. அதைக் காட்டிப் பயமுறுத்தவும் இல்லை. சொல்லிவிட்டு, என் பின்னால் வா என்று கூடவே நடந்தார்.

நம் சாந்தோம் பேராலயத்துக்குப் போகிறவர்கள் திருத்தூதர் தோமாவின் கல்லறையருகே நின்று செபிக்கிறோம். கடைசி இரா உணவின்போது, நீர் போகுமிடம் எங்களுக்குத் தெரியாதே, வழி எப்படித் தெரியும் என்று கேட்ட அதே தோமா. எருசலேமில் வழி தெரியாமல் நின்ற அந்த மனிதரிடம், நீ கி.பி. 52-இல் கடல் கடந்து போவாய், மயிலாப்பூர் என்றோர் ஊரில் உன் பெயரால் ஒரு பேராலயம் இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா? அவருக்கு மறுநாள் வழியே தெரியவில்லை. ஆனாலும் நடந்தார் என்று நம் மரபு சொல்கிறது.

அந்தப் புதன்கிழமை இரவுக்குத் திரும்புவோம். அந்தத் தம்பிக்கு நாங்கள் மறையுரை ஆற்றவில்லை. தேநீர் போட்டோம். அவன் சொன்னதை முழுவதும் கேட்டோம். உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டோம். அப்படிக் கேட்டால் எண்ணம் வளர்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, கேட்டால்தான் பாரம் இறங்குகிறது. அவன் தலையசைத்தான். அவன் சம்மதத்தோடு அவன் அப்பாவை வரவழைத்தோம். ராஜா அண்ணாமலைபுரத்தில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணி செய்யும் 'சினேகா' அமைப்புக்கு அவனையே பேச வைத்தோம். அப்பா வந்தார். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "நீ இல்லாத வீட்டுக்கு நான் எதுக்குடா டாக்டர் பட்டம் கொண்டு போறேன்?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போது கோவிலைப் பூட்டிவிட்டுச் சாவி கொடுக்க எங்கள் உபதேசியார் வந்தார். எழுபதைத் தாண்டியவர். விஷயம் அரைகுறையாகப் புரிந்ததும், "எஸ்.எஸ்.எல்.சி.யில நான் மூணு தடவை ஃபெயிலு தம்பி. நாப்பது வருஷமா இந்தக் கோவில் மணிய அடிக்கிறேன். அந்த மணிக்கு இன்னும் விஷயம் தெரியாது, நீயும் சொல்லிடாத" என்றார். பையன் சிரித்துவிட்டான். அழுகையோடு வந்த சிரிப்பு. அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை என்றவனுக்கு, கையில் சாவிக் கொத்தோடு ஒருவர் வந்து நின்றார்.

அன்பார்ந்தவர்களே, பங்குச் சமூகம் என்று ஒன்று இருப்பதன் பயன் இதுவே என்று அன்று நினைத்தோம். காலப் பயணம் செய்யும் இயந்திரம் நம்மிடம் இல்லை. ஆனால் ஒரே இருக்கையில் பதினெட்டு வயதும் எழுபது வயதும் அருகருகே அமரும் இடம் இருக்கிறது. குழந்தை இயேசுவைக் கையில் வாங்கிய முதியவர் சிமியோனை நினைத்துப் பாருங்கள். தன் பிள்ளைக்கு வரப்போகும் முதிய வயதைப் பார்க்க முடியாத இளைஞனுக்கு, நம் முதிய வயதைக் கொஞ்ச நாள் கடனாகக் கொடுக்கலாம்.

அதனால் இந்த வாரம் ஒரே ஒரு வேலை. பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஓர் இளையவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். அறிவுரை வேண்டாம். நீங்கள் தோற்ற கதையைச் சொல்லுங்கள். பீரோவில் மறைத்து வைத்திருக்கும் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி, தங்கையே, உன் முன்னாலும் இருட்டாகத் தெரிந்தால் தனியாக இருக்காதே. சினேகாவின் எண் 044-24640050. தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. உன் ஊர்ப் பங்கு இல்லத்தின் கதவையும் தட்டு.

எங்கள் தம்பி இப்போது ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறான். எல்லா நாளும் அவனுக்கு எளிதாக இல்லை. சில ஞாயிறுகளில் உபதேசியாரோடு சேர்ந்து மணி அடிக்கிறான். போன வாரம் ஒரு துண்டுச் சீட்டை எங்கள் கையில் திணித்துவிட்டு ஓடினான். "ஃபாதர், அந்த ஜோக் எனக்கு ஐம்பது வயசாகும்போதும் நல்லா இருக்காது" என்று எழுதியிருந்தது. ஐம்பது வயதில் தான் இருப்பான் என்று அவன் எண்ணத் தொடங்கிவிட்டான். அதை விவிலியத்துக்குள் வைத்திருக்கிறோம்.

செபிப்போம். நேற்றும் இன்றும் என்றும் மாறாத ஆண்டவரே, எங்கள் பிள்ளைகள் நரை காணட்டும். அவர்கள் பேரப்பிள்ளைகள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கட்டும். இருட்டில் நிற்பவர்களிடம் எங்களை அனுப்பும். அவர்கள் கேட்கும்போது எங்கள் காதுகளைத் திறந்துவிடும். ஆமென்.