கதவைத் தட்டிய போலீஸ் என்ன செய்ய வேண்டும்?

(மட்டாஞ்சேரி மாலை வகுப்பில் பேசியது)



இன்றைக்குப் பாடப் புத்தகத்தை மூடி வைப்போம். ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை. உயர்நிலைப் பள்ளியோடு என் படிப்பு நின்றது. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு சட்டத்தைத் தேடிப் படித்தேன். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் தெருவில் வீடுகள் எப்படி இருக்கின்றன? ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. இங்கே மிளகாய் தாளித்தால் அங்கே தும்முவார்கள். அப்படி இருக்கும்போது அடி விழும் சத்தம் மட்டும் நம் காதில் விழாதா? விழுகிறது. நாம் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அலறினாள். நான் 112க்குப் போன் செய்தேன். கை நடுங்கியது. விலாசம் சொல்லக்கூட நாக்குக் குழறியது. இரண்டு போலீஸ்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று இங்கே சொல்ல வேண்டாம். சீக்கிரமாக வந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதவு திறந்தது. அக்கா வாசலில் நின்றாள். உதடு கிழிந்திருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் புருஷன் நின்றான். அவனுக்குப் பின்னால் மாமியார்.

"என்ன பிரச்சினை?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"ஒன்றும் இல்லை சார்" என்றாள் அக்கா.

வேறு என்ன சொல்வாள்? பின்னால் நிற்பவன் முகத்தை அவள் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. அவன் மூச்சுச் சத்தமே போதும்.

போலீஸ்காரர் புருஷனைப் பார்த்து, "குடித்துவிட்டுச் சத்தம் போடாதே" என்றார். அக்காவைப் பார்த்து, "குடும்பம் என்றால் அப்படி இப்படி இருக்கும், அனுசரித்துப் போ" என்றார். ஒரு காகிதத்தை நீட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். ஜீப் போய்விட்டது. கதவும் மூடியது.

மறுநாள் குழாயடியில் கேட்டேன். "அக்கா, நேற்று எதிலே கையெழுத்துப் போட்டீங்க?"

"தெரியலை தங்கச்சி. மலையாளத்திலே எழுதியிருந்தாங்க" என்றாள்.

அந்த அக்கா நம் வகுப்பில் படித்தவள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கைநாட்டு வைத்த காலம் போய், கையெழுத்துப் போடப் பழகியவள். அந்தக் கையெழுத்தைத்தான் என்ன ஏது என்று தெரியாத காகிதத்தில் போட்டுக் கொடுத்தாள். இது என் மனசை மிகவும் உறுத்தியது. எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே? "வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்" என்று நான் சொல்லிக் கொடுக்கவில்லையே!

சரி. போலீஸ் வந்தது. புருஷனை அதட்டியது. போனது. அதோடு அவர்கள் கடமை முடிந்துவிட்டதா?

முடியவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005இல் ஒரு சட்டம் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் அது நடப்பில் இருக்கிறது. மனைவிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மகன் அடிக்கும் தாய்க்கும், அண்ணன் அடிக்கும் தங்கைக்கும் அந்தச் சட்டம் உண்டு. அதன் 5ஆம் பிரிவு போலீசுக்கு ஒரு கடமை வைத்திருக்கிறது. அந்தப் பெண் வந்து புகார் கொடுத்தால்தான் என்று இல்லை. சம்பவ இடத்தில் போலீஸ் இருந்தாலே போதும். வேறு யாராவது தகவல் சொல்லியிருந்தாலும் போதும். அவளிடம் அவர்கள் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

என்ன சொல்ல வேண்டும்? "அம்மா, இனி உன்னை அடிக்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்" என்று சொல்ல வேண்டும். "மாவட்டத்தில் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார், உதவி செய்யும் அமைப்புகள் இருக்கின்றன" என்று சொல்ல வேண்டும். "வக்கீலுக்குக் காசு வேண்டாம், இலவசச் சட்ட உதவி உண்டு" என்று சொல்ல வேண்டும். பெண்ணாக இருந்தால் போதும், வருமானம் பார்க்காமல் அந்த உதவி கிடைக்கும். "கொடுமை செய்ததற்குக் கிரிமினல் புகாரும் கொடுக்கலாம்" என்றும் சொல்ல வேண்டும். 1983இல் வந்த 498ஏ என்ற பிரிவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அதற்கு எண் 85. எண் மாறியது, குற்றம் மாறவில்லை. மூன்று வருடம் வரை சிறை உண்டு.

இதில் ஒரு வார்த்தைகூட அந்த ராத்திரி அக்காவின் காதில் விழவில்லை. "அனுசரித்துப் போ" என்பது மட்டும்தான் விழுந்தது.

இன்னொன்று. புருஷன் பின்னால் நிற்கும்போது கேள்வி கேட்டால் உண்மை வராது. அவளைத் தனியே அழைத்து, முடிந்தால் பெண் போலீசை வைத்து, விசாரிக்க வேண்டும். இது என் சொந்த எண்ணம். ஆனால் நம் வகுப்பில் இருக்கும் எந்தப் பெண்ணும் இது தப்பு என்று சொல்ல மாட்டாள். இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் நம் கேரளத்தில், கோழிக்கோட்டில்தான் வந்தது. 1973இல் இந்திரா காந்தி அதைத் திறந்து வைத்தார். ஆணிடம் சொல்ல முடியாததைப் பெண்ணிடம் சொல்லட்டும் என்றுதானே?

மாமியார் என்னைத் திட்டியதையும் சொல்கிறேன். "உன்னை யார் போன் பண்ணச் சொன்னது?" என்று தெருவில் நின்று கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். வன்முறை நடந்தது, நடக்கிறது, நடக்கப் போகிறது என்று நம்புகிற யாரும் பாதுகாப்பு அதிகாரிக்குத் தகவல் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது. சட்டத்தின் 4ஆம் பிரிவு இது. அவசரம் என்று அதிகாரிக்குப் போன் வந்தால், அவர் போலீசைக் கூப்பிட வேண்டும். போலீஸ் அவரோடு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுக்க வேண்டும்.

"போலீஸ் நல்லபடி நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன, அடி அடிதானே?" என்று ஒரு அம்மா போன வாரம் கேட்டார். நம் பக்கத்து ஊரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள்.

2021 நவம்பரில் ஆலுவாவில் ஒரு பெண். சட்டம் படித்துக்கொண்டிருந்தவள். வரதட்சணைக் கொடுமை என்று புகார் கொடுத்தாள். பல நாள் ஆகியும் வழக்குப் பதிவாகவில்லை. கணவன் வீட்டாரோடு சேர்த்து அவளையும் ஆலுவா கிழக்கு காவல் நிலையத்துக்கு அழைத்துப் பேசினார்கள். இன்ஸ்பெக்டர் தன்னை அவமானப்படுத்தியதாகச் சொல்லிக்கொண்டே அவள் வீடு திரும்பினாள். உயிரோடு அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. எழுதி வைத்த கடிதத்தில் கணவன் வீட்டாரோடு இன்ஸ்பெக்டர் மேலும் நடவடிக்கை கேட்டிருந்தாள். ஆலுவாவில் ஜனங்கள் போராடினார்கள். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். சட்டம் படித்தவளுக்கே இந்தக் கதி. (உங்களில் யாருக்காவது அப்படி ஒரு எண்ணம் மனசில் வந்தால் 1056 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எனக்கும் செய்யுங்கள். நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.)

அதே வருடம் ஜூனில் ஒரு டி.வி. நிகழ்ச்சி நடந்தது. எர்ணாகுளத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். புருஷனும் மாமியாரும் கொடுமை செய்கிறார்கள் என்றாள். பேட்டியில் இருந்தவர் மாநில மகளிர் ஆணையத் தலைவர் எம்.சி. ஜோசபைன். போலீசில் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றாள். "என்னால் பின்னெ அனுபவிச்சோ" என்றார். அப்படியானால் அனுபவி என்று அர்த்தம். கேரளமே கொதித்தது. சில நாளில் அவர் பதவி விலகினார். ஏன் அவள் போலீசில் சொல்லவில்லை? நம் பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் தெரியும்.

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் டாரிங்டன் என்று ஒரு சின்ன ஊர். பிரிந்து போன புருஷன் மிரட்டுகிறான் என்று ஒரு பெண் போலீசிடம் பல தடவை சொன்னாள். அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1983 ஜூனில் அவன் வாசலுக்கே வந்துவிட்டான். அவள் போலீசுக்குப் போன் செய்தாள். போலீஸ் வர ஏறக்குறைய 25 நிமிடம் ஆனது. அதற்குள் பல கத்திக் குத்து. உயிர் பிழைத்தாள். பிறகு அவள் வழக்குப் போட்டது புருஷன் மேல் இல்லை. ஊர் நிர்வாகத்தின் மேல், போலீஸ் மேல். "வேறு ஆள் குத்தினால் ஓடி வருவீர்கள், புருஷன் என்றால் ஏன் வரவில்லை?" என்பதுதான் வழக்கு. 1985இல் அவள் ஜெயித்தாள். மறு வருடம் அந்த மாநிலத்தில் போலீசைக் கட்டுப்படுத்தும் புதிய சட்டமே வந்தது.

இப்போது பின்வரிசை அண்ணன்மார்கள் முணுமுணுப்பது கேட்கிறது. "பொய்ப் புகார் கொடுத்தால்?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. இந்தப் பிரிவில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைது தேவை இல்லை என்றால், ஆஜராகும்படி நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும். அதனால் புகார் என்றால் உடனே ஜெயில் என்று இல்லை.

இதை அக்காமார்களும் கேட்டுக்கொள்ளுங்கள். "அவர் உள்ளே போய்விட்டால் அரிசிக்கு யார் காசு கொடுப்பது?" என்று பயந்துதான் பாதிப்பேர் வாயைத் திறப்பதில்லை. பாதுகாப்பு உத்தரவு கேட்பது ஜெயிலில் போடுவதற்கு இல்லை. அடிக்காதே, மிரட்டாதே என்று கோர்ட் சொல்வதற்கு. அதை மீறினால்தான் ஜெயில். ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறினான் என்று தெரிந்தால் போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும். அங்கே "அனுசரித்துப் போ" என்று சொல்ல இடமே இல்லை.

கடைசியாக, அந்தக் காகிதத்துக்கு வருகிறேன்.

நீங்கள் வாயால் சொன்னால் போலீஸ் அதை எழுத வேண்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. வழக்குப் பதிந்தால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். அதுதான் எஃப்.ஐ.ஆர். இது எங்கள் எல்லை இல்லை, வேறு ஸ்டேஷனுக்குப் போ என்று திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் விசாரித்துப் பார்க்கிறோம் என்றால், அதற்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும். 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். எழுதவே மாட்டோம் என்றால், மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

காகிதம் மலையாளத்தில் இருந்தால் வெட்கப்படாதீர்கள். நமக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது, கேட்டால் புரியும். "சாரே, ஒந்நு வாயிச்சு தா" என்று சொல்லுங்கள். பாண்டிகசாலையில் சுக்குப் பொறுக்கப் போகிற இடத்தில் கூலிக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம் இல்லையா? அதே வாய்தான். வாசித்தது நீங்கள் சொன்னதுபோல் இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். 181க்குப் போன் செய்து, பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்து, கோர்ட்டில் மனுக் கொடுத்திருக்கிறாள். அந்த மனுவைக் கையெழுத்துப் போடும் முன் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். வக்கீல் அம்மாவுக்குக் கொஞ்சம் கோபமாம். தேதி ஒன்று தப்பாக இருந்ததை இரண்டாம் தடவைதான் கண்டுபிடித்தாள்.

நாளைக்கு வரும்போது நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். ஒரு புகார் எழுதிப் பார்ப்போம். என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார், எதனால் அடித்தார், எங்கே காயம், யார் பார்த்தார்கள், எந்த ஆஸ்பத்திரி. அண்ணன்மார்களும் எழுத வேண்டும். தங்கச்சிக்கோ மகளுக்கோ எழுதிக் கொடுக்க வேண்டி வந்தால் பழக்கம் வேண்டுமே.