விட்டுக்கொடுப்பது வேறு, அடிபணிவது வேறு
(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)

நாட்டின் இறையாண்மை என்றதும், அது டில்லியில் உள்ளவர்கள் பேசும் விஷயம் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அப்படி ஒதுங்க முடியாது. சர்க்கார் நம் நெல்லை என்ன விலைக்கு வாங்கலாம், ரேஷன் கடைக்கு எவ்வளவு அரிசி அனுப்பலாம் என்பதை யார் தீர்மானிப்பது? நம் நாடாளுமன்றமா, ஜினீவாவில் உட்கார்ந்திருக்கும் உலக வர்த்தக அமைப்பா? இதுதான் கேள்வி.

1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் நம் சர்க்கார் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 1995 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. அதில் ஒரு விதி. சர்க்கார் நிர்ணயித்த விலைக்கு நெல் வாங்கினால், அந்த விலைக்கும் 1986-88ம் ஆண்டுகளின் உலகச் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் மானியமாக எழுதப்படும். அது விளைச்சலின் மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

1988ல் நாம் வாங்கிய கூலி என்ன? இன்று அந்தக் கூலிக்கு யாராவது நாற்று நடுவோமா? அந்தக் காலத்து விலையை வைத்து இன்றைய நெல்லை அளப்பது எந்த ஊர் நியாயம்? அதே ஒப்பந்தத்தில் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 1,910 கோடி டாலர் வரை மானியம் தரும் உரிமை இருக்கிறது. முன்பு அள்ளிக் கொடுத்தவனுக்கு அதிக உரிமை. கொடுக்க வழியில்லாதவனுக்குக் கட்டுப்பாடு!

2013ல் நம் நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாலித் தீவில் மந்திரிகள் மாநாடு. பணக்கார நாடுகள் கேட்ட சுங்க நடைமுறை ஒப்பந்தம் நிரந்தரமாக அங்கே முடிவாயிற்று. நமக்குக் கிடைத்தது, நான்கு ஆண்டில் தீர்வு காண்போம், அதுவரை வழக்குப் போடமாட்டோம் என்ற வாக்கு. நான்கு ஆண்டில் தீர்வு வராவிட்டால் என்ன ஆகும் என்பது தெளிவாக இல்லை.

2014 ஜூலையில் இந்தியா அந்தச் சுங்க ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தர மறுத்தது. உலக வர்த்தகமே கவிழ்ந்துவிடும் என்று கூச்சல் எழுந்தது. எதுவும் கவிழவில்லை. நவம்பர் 27 அன்று, நிரந்தரத் தீர்வு வரும்வரை வழக்கில்லை என்று உலக வர்த்தக அமைப்பே தீர்மானம் போட்டது. அந்த சர்க்கார் நம் சர்க்கார் அல்ல. ஆனாலும் செய்தது சரி என்றால் சரி என்றே சொல்லுவோம்.

அந்தத் தீர்மானம் எவ்வளவு தேவைப்பட்டது பாருங்கள். 2018-19ல் நாட்டின் அரிசி விளைச்சலின் மதிப்பு 4,367 கோடி டாலர். அவர்கள் கணக்கில் மானியம் 500 கோடி டாலர். 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தீர்மானம் இருந்ததால் தப்பினோம். ஆனால் பாலி மாநாட்டுக்குப் பின் தொடங்கும் திட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2024ல் அபுதாபியில் கூடிய மாநாடும் தீர்வு காணாமலே கலைந்தது.

அப்படியானால் வெளியேறிவிடலாமே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நாம் நூற்ற நூலும் நெய்த துணியும் கடல் கடந்து விற்கின்றன. விதியே இல்லாத சந்தையில் வல்லவன் வைத்ததே விதி. ஆகவே பேசத்தான் வேண்டும். பேசினால் சிலவற்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

எதை விடுவது? ஆலையில் நாம் 20 சதவீதம் போனஸ் கேட்டு 15க்கு ஒப்புக்கொள்வதுண்டு. ஆனால் இனிமேல் கேட்கவே மாட்டோம் என்று எழுதிக் கொடுப்பதில்லை. அளவில் விட்டுக்கொடுக்கலாம், உரிமையை விட்டால் அது அடிபணிவு. நம் கிடங்கு அரிசியை மலிவாக அயல்நாட்டில் கொட்டி அங்குள்ள ஏழை விவசாயியைக் கெடுக்கமாட்டோம் என்று வாக்குக் கொடுக்கலாம். அது நியாயம். நெல்லை வாங்கவே மாட்டோம், பசித்தவனுக்குப் போடமாட்டோம் என்று எழுதிக் கொடுக்க எந்த மந்திரிக்கும் அதிகாரம் இல்லை.

ஆனால் அயல்நாட்டு ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் நாடாளுமன்றத்தில் வைத்துச் சம்மதம் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் இல்லை. நாம் கேட்பது அதைத்தான். முதலில் சபையில் வை; தமிழில் அச்சிட்டுக் கொடு; நாங்கள் படித்த பின் கையெழுத்திடு!

கொள்முதல் நிலையத்தின் வாசலிலும் ஆலையின் வாசலிலும் இந்தக் கோரிக்கை ஒலிக்கட்டும், தோழர்களே!