கொதியாத கொதிப்பு

ஒரு நோய்க்கு வழங்கும் பெயரே அதைப் பற்றிய தவறான எண்ணத்திற்கு வித்தாகிவிடுவது உண்டு. நம் வீடுகளில் 'இரத்தக் கொதிப்பு' எனப்படும் நோய் அத்தகையது. கொதிப்பு என்றவுடன் உடல் சுடும், முகம் சிவக்கும், கோபம் பொங்கும் என்றெல்லாம் எண்ணிக்கொள்கிறோம். 'எனக்குக் கோபமே வராது. ஆகவே கொதிப்பும் இராது' என்பார் உளர். 'ஹைப்பர்டென்ஷன்' என்ற பெயரிலுள்ள 'டென்ஷன்' என்பதைக் கேட்டு, இது மனக்கவலையால் மட்டுமே வருவது என்று கருதுவாரும் உளர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சொல்லும் பொருளும் பிரிந்து நிற்கும் இடங்களுள் இது அபாயம் மிகுந்ததாகத் தோன்றுகிறது. ஏனெனில், இந்நோயில் இரத்தம் கொதிப்பதில்லை. பெரும்பாலோர்க்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை.

பின், நிகழ்வது யாது? இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரின்மீது அழுத்தம் ஏறுகிறது. இதயம் தளரும்போது அது குறைகிறது. '120-க்கு 80' என்று மருத்துவர் கூறும் இரண்டு எண்களும் இவையே. வெவ்வேறு நாட்களில் மருத்துவ நிலையத்தில் அளந்தும் மேல் எண் 140-ஐயோ, கீழ் எண் 90-ஐயோ எட்டினால் அதை உயர் இரத்த அழுத்தம் என்பர். இந்நிலை பல்லாண்டுகள் நீடித்தால் குழாய்கள் தடித்து விறைக்கின்றன. இதயம் மிகையான உழைப்பால் நலிகிறது. சிறுநீரகமும் கண்ணும் பழுதடைகின்றன. மூளையில் குழாய் அடைபட்டோ வெடித்தோ பக்கவாதம் நேர்கிறது.

இது எங்கோ சிலர்க்கு வருவதன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆடவருள் 24 விழுக்காட்டினர்க்கும், பெண்டிருள் 21 விழுக்காட்டினர்க்கும் இந்நோய் உண்டு. மருந்துண்டு கட்டுப்படுத்துவோரும் இக்கணக்கில் அடங்குவர்.

உணர முடியாத ஒன்றை அளந்துதான் அறிய வேண்டும். அளக்குமுன் அரைமணி நேரம் காப்பியும் புகையும் கூடா. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றாமல் வெறும் கையில் சுற்றச் செய்யுங்கள். கை இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். அளக்கும்போது பேச வேண்டாம். படியேறி வந்த மூச்சோடு எடுத்த அளவு உண்மையைக் காட்டாது.

1945-இல் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், கடுமையான இரத்த அழுத்தம் முற்றி, மூளையில் இரத்தம் கசிந்து இறந்தார். வல்லரசு ஒன்றின் தலைவரைக் காக்கவும் அன்று தக்க மாத்திரை இருக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1949-இல், பம்பாய் மருத்துவர் ரஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டுச் செடியாகிய சர்ப்பகந்தாவின் வேர் இவ்வழுத்தத்தைத் தணிப்பதைக் குறித்து எழுதிய கட்டுரை உலக மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. இன்று அதனினும் சிறந்த மருந்துகள் பல உள. ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாதது இன்று சாமானியர்க்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது.

ஆனால் பலர் செய்வது என்ன? அளவு சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். கரை உயர்த்தியதால் ஊருக்குள் வெள்ளம் வரவில்லை; வெள்ளந்தான் வரவில்லையே என்று கரையை வெட்டுவார் உண்டோ? அளவு சரியாயிருப்பது மருந்து வேலை செய்வதற்கு அடையாளம். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் சிலவற்றைச் சிறப்பாகக் கருத வேண்டும். முதலாவது உப்பு. நாளொன்றுக்கு ஒருவர்க்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு கரண்டிக்கு உள்ளாக, இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊரிலிருந்து வரும் பொட்டலத்தில் அப்பளம், வடகம், ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் இருக்கும். இங்கே மாலைத் தேநீருடன் நம்கீன் வருகிறது; 'நமக்' என்றால் உப்பு, பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது! விரத நாட்களில் வடநாட்டார் கொள்ளும் இந்துப்பும் உப்பே. அதனால் அழுத்தம் ஏறாது என்பது வீண் நம்பிக்கை.

இரண்டாவது குளிர். குளிரில் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் ஏறக்கூடும். தில்லி போன்ற இடங்களில் வாழ்வோர் மார்கழி, தை மாதங்களில் தவறாமல் அளந்து பார்ப்பது நலம்.

மூன்றாவது பயணம். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊர் செல்லும்போது நாட்களைக் கணக்கிட்டு மாத்திரைகளை எடுத்துச் செல்லுங்கள். கம்பெனிகள் இடும் பெயர்கள் பல. அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்ற மருந்துப் பெயர் எங்கும் ஒன்றே. அதையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள்.

நான்காவது மொழி. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலும் நாம் 'மயக்கம்' என்போம். நினைவு தப்பினாலும் 'மயக்கம்' என்போம். இந்தியில் முன்னது 'சக்கர்', பின்னது 'பேஹோஷி'. மருந்து மிகுதியால் வரும் தலைசுற்றலைப் 'பேஹோஷி' என்று சொல்லிவிட்டால் மருத்துவர் வேறு திசையில் சென்றுவிடுவார். சொல் வாராவிடில் நிகழ்ந்ததை விவரித்துச் சொல்லுங்கள்.

நடைப் பயிற்சியும், காய்கனி மிகுந்த உணவும், எடைக் குறைப்பும், மதுவையும் புகையையும் விலக்குவதும் யாவர்க்கும் நன்மை செய்யும். எனினும் இவையெல்லாம் தொடங்குமிடம் ஒன்றே. 'உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது' என்று சொல்லும் நேயர்கள் இந்த வாரமே ஒருமுறை அளந்து பார்க்க வேண்டுகிறேன். முப்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் தம் எண்கள் இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.