கிணறு மக்களுடையது, பெட்ரோல் யாருடையது?

எண்ணெய் விளையும் நாட்டில் பெட்ரோலுக்குப் பஞ்சம் என்றால் நம்ப முடிகிறதா? ஆப்பிரிக்காவில், நைஜீரியாவில் அதுதான் நடந்தது.

1956-ல் ஒலோயிபிரியில் ஷெல்-பி.பி. கம்பெனி எண்ணெய் கண்டது. 1958-ல் ஏற்றுமதி தொடங்கியது. 1960-ல் நாடு சுதந்திரம் பெற்றது. பின்னர் போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனா ஆகிய ஊர்களில் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. நாளொன்றுக்கு மொத்தம் 4,45,000 பீப்பாய் சுத்திகரிக்கக் கூடியவை. ஆனால் சரிவரப் பழுது பார்க்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. கச்சா எண்ணெய் கப்பலேறிப் போயிற்று. பெட்ரோல் கப்பலேறி வந்தது.

லாபம் யாருக்கு? இறக்குமதி வியாபாரிகளுக்கு! வந்து சேராத பெட்ரோலுக்கும் மானியம் வாங்கினார்கள். மானியக் கணக்கில் ஒரு லட்சம் கோடி நைராவுக்கு மேல் முறைகேடு என்று 2012-ல் அந்நாட்டுப் பாராளுமன்றக் கமிட்டியே சொன்னது. தண்டனை யாருக்கு? மக்களுக்கு! அதே ஆண்டு ஜனவரியில் சர்க்கார் மானியத்தை வெட்டியது. 65 நைரா பெட்ரோல் 141 நைராவாயிற்று. தொழிலாளர் பொது வேலைநிறுத்தம் செய்தனர். விலை 97-க்கு இறங்கியது. 2023-ல் மானியம் மறுபடி வெட்டப்பட்டது.

2024 செப்டம்பரில் லாகோஸ் அருகே டாங்கோட்டே என்ற முதலாளியின் ஆலை பெட்ரோல் உற்பத்தி தொடங்கியது. அதன் சக்தி நாளொன்றுக்கு 6,50,000 பீப்பாய். "சர்க்கார் ஆலை தூங்கிற்று, தனியார் ஆலை ஓடுகிறது, பார்த்தீர்களா?" என்று நம்மைக் கேட்கிறார்கள்.

பதில் சொல்வோம். உள்நாட்டிலேயே சுத்திகரிப்பது முன்னேற்றம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் சந்தை ஒரே முதலாளியின் பிடிக்குள் போனால் விலைக்குக் காவல் யார்? 2025 செப்டம்பரில் அந்த ஆலையில் 800-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். சீரமைப்பு என்றது நிர்வாகம். சங்கத்தில் சேர்ந்ததற்குப் பழிவாங்கல் என்று கூறி, எண்ணெய்த் துறை ஊழியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். 2007-ல் போர்ட் ஹார்கோர்ட், கடுனா ஆலைகளின் பெரும்பங்கு தனியாருக்கு விற்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன, அவ்விற்பனை ரத்தாயிற்று. ஆலை சர்க்காரிடம் திரும்பியது, சரிவர ஓடவில்லை. ஏன்? ஆலையை மீட்ட தொழிலாளிக்கு அதன் கணக்கைப் பார்க்கும் உரிமை இல்லை. பழுது பார்க்க ஒதுக்கிய பணம் எங்கே என்று கேட்கும் அதிகாரம் இல்லை.

தோழர்களே! பொதுச்சொத்து என்று பெயர்ப் பலகை மாட்டினால் போதாது. கணக்கும் கண்காணிப்பும் உழைப்பவன் கைக்கு வர வேண்டும். பொதுத்துறையைக் காப்போம் என்று நாம் கோஷமிடும்போதெல்லாம் இந்தப் பாதியையும் சேர்த்தே முழங்குவோம்!