பருவமும் தூண்டிலும்



தூண்டில் போடுவதைச் சோம்பேறிகளின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உண்டு. நீரையும் அதில் வாழும் உயிரையும் அறிவதற்கு அது ஒரு நல்ல கல்வி என்பதை, அமெரிக்காவில் ஓராண்டு தங்கியிருந்தபோது நான் நேரில் கண்டேன்.

அந்நாட்டுத் தூண்டிற்காரர் மிகவும் விரும்பித் தேடும் மீன் பெருவாய்ப் பாஸ். பசுமை படர்ந்த உடல்; விலாவில் ஒரு கருங்கோடு; கண்ணுக்கும் அப்பால் நீளும் வாய். சிறு மீன், தவளை, புழு எதையும் அது விட்டுவைப்பதில்லை.

இதற்கு இடும் இரை பெரும்பாலும் உயிருள்ளதன்று. 1949ஆம் ஆண்டில், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் மெத்தென்ற பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துப் புழு ஒன்றைச் செய்தனர். மரத்தால் ஆன போலி இரையைக் கவ்விய மீன் உடனே துப்பிவிடக்கூடும். மென்மையான புழுவையோ சற்று நேரம் வாயில் வைத்திருக்கும். அதற்குள் தூண்டிற்காரர் கோலைச் சுண்டி முள்ளைப் பதித்துவிடுவார். முள்ளின் நுனியைப் புழுவின் உடலுக்குள்ளேயே மறைத்துவிட்டால், அது நீர்ப்பூண்டுகளில் எளிதில் சிக்குவதில்லை.

இரை ஒன்றே ஆயினும், அதை இயக்கும் முறை பருவந்தோறும் மாறும். மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றுவதுதான் இதற்குக் காரணம்.

டென்னஸ்ஸி ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உண்டானது கென்டக்கி ஏரி. கோடையில் அங்குள்ள பாஸ் மீன்களில் பல, நீருள் மூழ்கிக் கிடக்கும் பழைய ஆற்றுப்படுகையின் விளிம்புகளில் திரளும். அப்போது ஈயக்குண்டு கோத்த நீண்ட புழுவை ஆழத்தில் இறக்கித் தரையோடு இழுக்க வேண்டும். இலையுதிர்காலத்தில் ஷாட் என்னும் சிறு மீன்கள் கூட்டமாக ஓடைமுகங்களுக்குள் நுழையும், பாஸும் பின்தொடரும். அப்போது மீன் வடிவில் வார்த்த இரையை விரைந்து இழுப்பதே முறை. குளிர்காலத்தில் மீனின் செரிமானம் தளர்ந்துவிடும். துரத்தி வேட்டையாட அதற்கு விருப்பமிராது. சிறிய இரையை அதன் முகத்தருகே விட்டு, அசைத்தும் அசைக்காமலும் காத்திருக்க வேண்டும். பொறுமைக்கு அதைவிடக் கடிய சோதனையை நான் கண்டதில்லை.

இனி, இளவேனில். நீரின் வெப்பம் 15 பாகை செல்சியஸைத் தாண்டியதும் ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீருக்கு வந்து, வாலால் தரையைத் துடைத்துக் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டு அகன்றுவிடும். முட்டைகளையும், பின்பு குஞ்சுகளையும் காப்பது தந்தையே. அந்நாட்களில் அது மிகக் குறைவாகவே உண்ணும்; ஆயினும் கூட்டருகே விழும் பிளாஸ்டிக் புழுவைப் பாய்ந்து கவ்வும். பசியால் அன்று; பகைவனை விரட்டுவதற்காக!

ஆண்டிலேயே எளிதாக மீன் அகப்படும் காலம் அதுதான். ஆனால் காவலன் தூண்டிலில் ஏறிய சில நிமிடங்களிலேயே, காத்திருக்கும் புளூகில் போன்ற மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். ரே ஸ்காட் 1968இல் தொடங்கிய தூண்டிற்காரர் சங்கம், பிடித்த மீனை உயிரோடு நீரில் விடும் வழக்கத்தை 1972 முதல் தன் போட்டிகளின் வாயிலாகப் பரப்பியது. போற்றத்தக்க வழக்கமே. எனினும், கைகளில் தூக்கி அளந்து, படம் எடுத்து விடுவதற்குள் கூடு பாழாகிவிடலாம். இதனாலேயே கனடாவின் ஒண்டேரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் முட்டையிடும் பருவத்தில் பாஸ் பிடிப்பதற்குத் தடை உண்டு.

பிளாஸ்டிக் புழுவுக்கும் ஒரு குறை உண்டு. உண்மைப் புழு மட்கும்; இது எளிதில் மட்காது. கிழிந்த துண்டுகளை நீரில் எறிந்தால் மீன்கள் விழுங்குகின்றன. அவை வயிற்றில் செரிப்பதில்லை. ஆகவே பொறுப்புள்ளவர்கள் அவற்றைப் பையில் சேர்த்துக் கரைக்குக் கொண்டு வருகின்றனர்.

நண்பர்களே! மீன் எங்கே இருக்கும், எப்போது கவ்வும் என்று கற்றுக்கொடுப்பது நீரின் வெப்பத்தைப் பற்றிய அறிவு. எப்போது தூண்டிலைச் சுருட்டி வைக்க வேண்டும் என்று சொல்வதும் அதே அறிவுதான். முன்னதை விரும்பிக் கற்பவர் பின்னதையும் கற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.