கதை முடிந்த பின்னர்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வாசிப்பின் இன்பம்பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இன்பத்தைப் பேச எழுந்த நான் ஒரு துயரத்தைப்பற்றியே பேசப் போகின்றேன். நெடுங்கதை ஒன்றை வாசித்து முடித்தவனுக்கு உண்டாகும் துயரம் அது. கற்பனைக் கதைக்காகக் கண்கலங்குவது பேதைமை எனச் சிலர் கருதலாம். அப்படியன்று என்பதே என் கட்சி.

அமெரிக்காவிலே, தென் கரோலினா மாநிலத்துச் சாள்ஸ்ரன் நகரில், 1948ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் றிக்னி. றொபேட் ஜோர்டன் என்ற புனைபெயரில் அவர் எழுதிய மாயக்கதைத் தொடர் ‘த வீல் ஒவ் ரைம்’. காலச்சக்கரம் என்பது பொருள். முதல் நூல் 1990இல் வெளிவந்தது. மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஆடு மேய்க்கும் றாண்ட், கொல்லன் பட்டறையில் தொழில் பழகும் பெரின், குதிரை வியாபாரியின் மகன் மற், சத்திரக்காரரின் மகள் எக்வீன் ஆகிய இளைஞர்கள் உலகத்தின் விதியைச் சுமக்க நேரிடுவதே கதை. காலம் சுழல்கின்றது, யுகங்கள் மீண்டும் வருகின்றன என்பது அதன் அடிப்படை. நமக்கு யுகங்கள் நான்கு. அவர் கதையில் ஏழு. ஆகவே நம் செவிக்கு அக்கதை அந்நியமாகத் தோன்றவில்லை.

பதினொரு நூல்கள் வெளிவந்தபின், குருதியிலே தோன்றி இருதயத்தைத் தாக்கும் அரிய நோய் தமக்கு உண்டென 2006இல் ஆசிரியர் வாசகர்களுக்கு அறிவித்தார். 2007 செப்டெம்பர் 16இல் காலமானார். ஆனால் அதற்கு முன்பே, நோயுற்றிருந்த நிலையிலும் கதையின் முடிவைத் தம் குடும்பத்தாருக்கு வாயாற் சொல்லி வைத்தார். அவருடைய நூல்களைச் செப்பனிட்டு வந்த மனைவியார் ஹரியற் மக்டூகல், பிறாண்டன் சாண்டர்சன் என்னும் இளம் எழுத்தாளரிடம் அப்பணியை ஒப்படைத்தார். முதல் நூல் வெளிவந்தபோது சாண்டர்சனுக்கு வயது பதினான்கு. இத்தொடரை வாசித்து வளர்ந்த பிள்ளையே அதனை முடித்து வைத்தது. ஒரே நூலாக எண்ணியிருந்த முடிவு மூன்று நூல்களாக விரிந்து, 2013 ஜனவரியில் பதினான்காம் நூலோடு நிறைவெய்தியது. அதன் கடைசிக் காட்சி பெரும்பாலும் ஜோர்டன் எழுதி வைத்துச் சென்றதே.

அந்நூலில் இறுதிப் போரைக் கூறும் அத்தியாயம் மட்டும் ஏறக்குறைய 200 பக்கம். எக்வீன் அப்போரில் உயிரைக் கொடுக்கின்றாள். முதல் நூலிலே, தலைமயிரைப் பின்னிக்கொள்ளும் வயது வந்துவிட்டதெனப் பூரித்து நின்ற கிராமத்துப் பெண் அவள். நூலை மூடியபின் நான் நெடுநேரம் சும்மா இருந்தேன். பல நாள்வரை வேறொரு நூலைத் தொட மனம் வரவில்லை. திருவிழா முடிந்து கொடியிறங்கிய மறுநாள், கோயில் வீதியில் நடந்தவர்களுக்கு அந்த உணர்ச்சி தெரியும். பந்தலை அவிழ்க்கின்றார்கள், கடைகள் போய்விட்டன. சுவாமி உள்ளேதான் இருக்கின்றார். ஆயினும் வீதி வெறிச்சோடிக் கிடக்கின்றது.

ஏன் அந்தத் துயரம்? எக்வீனை இழந்தது ஒன்று. எஞ்சிய பாத்திரங்கள் இனி என் துணையின்றியே தம் வழி போவார்கள் என்பது மற்றொன்று. எல்லாவற்றிலும் ஆழமானது வேறு. 1990இல் வாசிக்கத் தொடங்கிய ஒருவர் முடிவைக் காண இருபத்துமூன்று ஆண்டு காத்திருந்தார், கண்டார். கதையைப் படைத்தவரோ அது நூலாக நிறைவேறியதைக் காணவில்லை. அவருக்குக் கிடையாத பேறு எனக்குக் கிடைத்தது. கண்ணீரில் நன்றியும் கடனும் கலந்திருந்தன. அதைப் பேதைமை என்று எவ்வாறு சொல்வது?

பெரியோர்களே, தாம் முடிக்க இயலாது என்று அறிந்தவர் அதனைத் தம்மோடு கொண்டுபோகவில்லை; சொல்லிவிட்டுச் சென்றார். நீங்களும் அறிந்ததைச் சொல்லி வையுங்கள். வாலிபர்களே, அன்போடு வாசித்த ஒரு சிறுவனிடமே அந்தப் பாரம் வந்து சேர்ந்தது. நாளை உங்களிடம் எது வந்து சேருமென்று யார் அறிவார்? ஆதலால் அன்போடு வாசியுங்கள். வாசித்து முடித்ததை அலுமாரியிற் பூட்டி வையாது, முதல் நூலை உங்கள் தம்பி தங்கையர் கையிற் கொடுங்கள். நமக்கு முடிந்த கதை அவர்களுக்குத் தொடங்கட்டும்.