சால்களைப் படம் பிடிக்கச் செல்லும் தோழர்களுக்கு

(மும்பையில் இளம் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

வொர்லியிலும் நய்காவிலும் எஞ்சி நிற்கும் பி.டி.டி. சால்களை, அவை இடிபடுமுன் படமெடுத்து வைப்பதென்று முடிவு செய்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. ‘சால்’ என்பதற்கு ஈடான தமிழ்ச்சொல்லைத் தேடிப் பலமுறை தோற்றவன் நான். ஒண்டுக்குடித்தனம் என்றால் நெருக்கடி வந்துவிடுகிறது. ஆலைச்சங்கின் ஓசை வருவதில்லை.

ஆளுநர் ஜார்ஜ் லாயிடின் காலத்தில், 1920இல் அமைந்த பம்பாய் வளர்ச்சித் துறை கட்டியவை இவை. நான்கு வட்டாரங்களில் 207 கட்டடங்கள். தளத்துக்கு 20 அறைகள்; ஒவ்வொன்றும் 160 சதுர அடி; கழிப்பிடம் பொது. சட்டமறுப்பு இயக்கத்தின்போது வொர்லி சால்களில் சில சிறைகளாயின. 1982 சனவரியில் சுமார் இரண்டரை இலட்சம் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அடுப்பணைந்தது இத்தகைய அறைகளில்தான்.

வெடித்த சுவரில் மாலை வெயில் விழுவது அழகே. அதில் மயங்கி, ‘இதனை இடிக்கலாமா’ என்று நாம் அங்கலாய்த்தால், பொதுக் கழிப்பிடத்தின் முன் வாளியோடு காத்து நிற்கும் அம்மையார் நம்மை என்னவென்று நினைப்பார்? வாக்களிக்கப்பட்ட 500 சதுர அடி வீடு அவரது உரிமை. நமது கேள்வி வேறு. பொது நிலத்தில் மிச்சப்படும் பகுதி ஏன் விற்பனைக் கோபுரங்களுக்குப் போக வேண்டும்? வானுயரத்தில் குடியேறிய பின், மின்தூக்கிக்கும் பராமரிப்புக்குமான செலவை ஆலை மூடலால் வேலையிழந்தவர் எவ்வாறு தாங்குவார்?

ஆகவே முகப்பை ஒரே படத்தில் முடித்துக்கொள்ளுங்கள். இசைவு பெற்று உள்ளே செல்லுங்கள். நடைவழியை இரு முனையிலிருந்தும் எடுங்கள்; எதிரெதிர்க் கதவுகள் திறந்தே கிடப்பது தெரிய வேண்டும். கதவு எண்ணும் குடியிருப்பவரும் ஒரே சட்டகத்துள் அமையட்டும். குடியிருப்புரிமை குறித்துப் பின்னாளில் தகராறு எழுந்தால் அது பயன்படக்கூடும்.

உள்வாடகைக்கு இருப்போர் செய்தி இதற்கு நேர்மாறு. அவர்தம் முகத்தையோ அறை எண்ணையோ வெளியிடவே கூடாது. நாம் அன்போடு எடுத்த படம் அவர்களை வெளியேற்றும் சான்றாகிவிடும். எத்துணை நல்ல படமாயினும் விட்டுவிடுங்கள். நமது இதழாசிரியர் வருந்துவார், வருந்தட்டும்.

அச்சிட்ட படத்தின் ஒரு படியை, பின்புறம் தேதி குறித்து, அந்த வீட்டாரிடமே கொடுங்கள். வாங்கிப் பார்க்கும்போது, நீங்கள் கேளாமலே, அந்த அறையில் எத்தனை பேர் முறைவைத்து உறங்கினர் என்பதைச் சொல்லத் தொடங்குவார்கள். அதனையும் எழுதிக்கொள்ளுங்கள். மராத்தியிலேயே எழுதி வாருங்கள். மொழிபெயர்க்க நான் இருக்கிறேன்.